மூட்டையிலிருந்து எடுத்துவைத்த செம்பு

மகனே,

நீ திங்கட்கிழமை காலையில் மடுல்சீமைத் தோட்டங்களுக்கு வேதம் சொல்லப் புறப்படுகிறாய் என்ற செய்தியை எனக்குச் சொன்னது நீ இல்லை, வண்டிக்காரர் மாரிமுத்து. பண்டாரவளையிலிருந்து வந்த துணிப் பொதிகளைக் கடை வாசலில் இறக்கிக்கொண்டே, "மொதலாளி, திங்கக்கெழம ஒங்க மகன் நம்ம வண்டியிலதானே பசறை வரைக்கும் வர்றாரு, சாமான் ரொம்ப இருக்குமாங்க?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பெற்ற பிள்ளை ஊரை விட்டுப் போவது எனக்குத் தெரியாது என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வருமா? "என்ன பெரிய சாமான், ஒரு மூட்டைதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காக ஒரு மூட்டை கட்ட வேண்டியதாகிவிட்டது. இந்தக் கடிதமும் அந்த மூட்டையும் அவர் கையிலேயே உனக்கு முன்கூட்டியே வருகின்றன.

மாரிமுத்து அதோடு விடவில்லை. பொதியை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி மொகமே சரியில்லீங்க. சாப்பாட்ட விட்டுட்டு ஜெபம் பண்றாராம். மேல தோட்டத்து ஆளுங்க காது குடுத்துக் கேப்பாங்களா, வெரட்டி விட்டுருவாங்களான்னு என்னையப் போயி கேக்குறாரு. எனக்கு மாட்டப் பத்தித் தெரியும், மனுசனப் பத்தி என்னாங்க தெரியும்?" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. ஒருவருக்குச் சேலையை அளக்கும்போது கை பாட்டுக்கு அளந்துகொண்டே போய், அவர் நிறுத்தச் சொல்லும்படி ஆகிவிட்டது. உனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல நீ வண்டிக்காரரைத் தேடிப் போயிருக்கிறாய். நீ தங்கியிருக்கும் மிஷன் வளவிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், இதே பதுளைக் கடைவீதியில் உன் தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். அந்த மலைகளில் துணி மூட்டை சுமந்து சுமந்து முழங்கால் தேய்ந்தவன் அவன்.

உங்கள் கிறிஸ்து வேதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ எடுத்துக்கொண்ட புதுப் பெயரே இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை. கடைசி எழுத்து வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆகையால் நீ போய் என்ன பேச வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் எதையோ தூக்கிக்கொண்டு போய், அதைக் கேட்டு வரவழைக்காத மனிதர்களின் வாசலில் நிற்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் துணி கொண்டு போனேன், நீ உன் சாமியைக் கொண்டு போகிறாய். வாசலில் நிற்கிற நேரத்தில் வருகிற பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் வயிற்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டினி கிடப்பது உங்கள் வழக்கம் என்றால் கிட, நாங்களும் சஷ்டிக்குக் கிடக்கிறவர்கள்தான். ஆனால் பசறையில் வண்டி நின்ற பிறகு முழுவதும் ஏற்றம். இந்த மழையில் அட்டைக்கு இரத்தம் கொடுக்கவாவது உடம்பில் ஏதாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு நோன்பை முடித்துக்கொள். அப்புறம் ஜெபம். நான் மூட்டை தூக்கிய காலத்தில், புறப்படுவதற்கு முன் பிள்ளையார் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஆரம்பத்தில் நல்ல விற்பனை கொடு என்று கேட்பேன். கேட்டுவிட்டு எழுந்தால் நெஞ்சு இன்னும் கனமாக இருக்கும். பிறகு ஒருநாள், என்ன தோன்றியதோ, கேட்பதை விட்டுவிட்டு எனக்கு என்னென்ன பயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாய்க்குப் பயம், ஆற்று வெள்ளத்துக்குப் பயம், பொம்பளைகள் என் துணியைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயம். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எழுந்து நடந்தேன். நான் எந்தச் சாமியிடம் சொன்னேன் என்பதை விட்டுவிடு. நீ உன் சாமியிடம் அப்படிச் சொல்லிப் பார்.

பொம்பளைகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று முதல் பயணத்திலேயே தெரிந்தது. காப்பி பட்டுப்போய், பிடுங்கிய இடத்தில் எல்லாம் தேயிலை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி என்னை மிகவும் மரியாதையாக வரவேற்று, தன் வீட்டில் சோறு போட்டு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தானே கூட வந்தார். அறை அறையாகக் கதவைத் தட்டி, "துணிக்காரரு வந்திருக்காரு, வந்து பாருங்க" என்று சத்தம் போட்டார். நானும் பெருமையாகப் பின்னால் போனேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒரு முழம்கூட விற்கவில்லை. கங்காணிக்கு முன்னால் மடியை அவிழ்த்தால், என் கடனுக்குத் தராமல் உன்னிடம் இவ்வளவு இருக்கிறதா என்று அவர் கேட்பார் என்பது அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுமுறை கங்காணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தனியாக லயத்துக்குப் போய், மூட்டையைப் பிரிக்காமல் ஒரு வாசற்படியில் உட்கார்ந்தேன். மழை பெய்தது. ஒரு கிழவர் வந்து ஊர் எது என்று கேட்டார். அவருடைய ஊரை நான் கேட்டேன். பேச்சு பேச்சாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "மூட்டைக்குள்ள என்னாங்க வச்சிருக்கீங்க?" என்றது. அப்போதுதான் பிரித்தேன்.

உனக்குத் தோட்டத்துத் துரையின் அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கும். உங்கள் பாதிரி ஐயர் வாங்கிக் கொடுத்திருப்பார். அந்தச் சீட்டு உன்னைத் தோட்டத்துக்குள் விடும், அவ்வளவுதான். எந்த அறைக்குள்ளும் விடாது. மூட்டையைப் பிரிக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வரும் வரைக்கும் பிரிக்காதே. அது வர நாளாகும். அந்த நாட்களில் உனக்குத் தனிமையாக இருக்கும். பின்னேரத்தில் அடுப்புப் புகையும் மூடுபனியும் ஒன்றாகக் கலக்கும் நேரம் ஒன்று வரும், அதுதான் மிகவும் கஷ்டம். எல்லா வீட்டிலும் சோறு கொதிக்கும், உன்னைக் கூப்பிட ஆள் இருக்காது. அப்போது நீ வந்ததே தப்போ என்று தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றியது. எழுந்து போய் யாரிடமாவது ஏதாவது கேள், தீப்பெட்டியாவது கேள். பிள்ளை செத்துப் போனதை உன்னிடம் சொல்லி அழுவார்கள். உன் சாமி ஏன் அதைக் காப்பாற்றவில்லை என்றும் கேட்பார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். பதில் வைத்திருக்கிற முகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காராதே.

இனி மூட்டைக்கு வருகிறேன். அதில் கறுப்புக் கம்பளி ஒன்று இருக்கும். அட்டைக்குச் சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும், சுக்கும் மல்லியும் இருக்கும். எல்லாம் உன் அம்மா எடுத்துவைத்தது. அவள் கம்பளிக்கு நடுவே ஒரு செம்பும் சுருட்டி வைத்திருந்தாள். நான் தோட்டம் தோட்டமாகக் கொண்டு போன பித்தளைச் செம்பு, உனக்குத் தெரியும், கழுத்தில் சின்ன நசுங்கல் உள்ளது. "எதுக்கு இது?" என்று கேட்டேன். "அங்க போயி யாரு வீட்டுத் தண்ணியெல்லாமோ குடிப்பானா? நம்ம செம்புல மொண்டு குடிக்கட்டும். வேதத்துல சேந்தாலும் எம்புள்ளதானே" என்றாள். அந்தச் செம்பை நான் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். ஏன் எடுத்தேன் என்று அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

நீ கைப்பிள்ளையாக இருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மடுல்சீமையில் கடை விரித்திருந்தேன். உங்கள் ஆட்களில் ஓர் உபதேசியார் வந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, நல்ல குரல். கங்காணி அவருக்கும் மரியாதை செய்கிறேன் என்று தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூட்டிவிட்டார். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசை பிடித்து நின்றார்கள். ஒரு கிழவி என் பக்கத்தில் வந்து, "இன்னைக்குக் கூலிக்குப் பேரு போடுவாங்களாங்க, போட மாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். உபதேசியார் கண்ணை மூடி, இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் மனிதர் பேச ஆரம்பித்ததும் நானும் காது கொடுத்தேன். உங்கள் சாமி வெயிலில் நடந்து களைத்து ஒரு கிணற்றடியில் உட்கார்ந்தாராம். தன் ஆட்கள் புழங்காத ஜாதிப் பெண் ஒருத்தி தண்ணீர் எடுக்க வந்தாளாம். அவளிடம் அவரே, எனக்குக் குடிக்கக் கொடு என்று கேட்டாராம். அவளுக்கே ஆச்சரியமாம், என்னிடமா கேட்கிறீர் என்றாளாம். அந்த இடம் வந்தபோது வரிசை கலைந்தது மகனே. பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் முன்னால் வந்துவிட்டார்கள். இருளாயி என்று கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தி, ஒரு வார்த்தையைத் தவறவிடாமல் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு முடிந்தது. கத்திப் பேசியதில் உபதேசியாருக்குத் தொண்டை கட்டிப்போய் இருமினார். இருளாயி ஓடினாள். வீட்டிலிருந்த ஒரே பித்தளைக் குவளையைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். அவர் இருமிக்கொண்டே, "வேணாம்மா, கணக்கப்பிள்ளை வீட்ல போயி குடிச்சுக்கிறேன்" என்றார்.

அவர் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. பழக்கம் அப்படி. இருளாயி அந்தத் தண்ணீரைக் கொண்டு போய் ஒரு செவ்வந்திச் செடிக்கு ஊற்றினாள். பின்னேரம் என்னிடம் சேலை பார்க்க வந்தாள். ஒரு சிவப்புச் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சாமி கேட்டு வாங்கிக் குடிச்சாராம். இவரு குடுத்தாலும் குடிக்க மாட்டேங்கிறாரு. நாங்க யார நம்புறதுங்க மொதலாளி?" என்றாள். என் பக்கத்தில் என் செம்பு இருந்தது. அத்தனை வருஷத்தில் லயத்துத் தண்ணீர் ஒரு வாய் நான் குடித்ததில்லை. ஆனால் என்னை யாரும் குறை சொல்லவில்லை. நான் துணி விற்க வந்தவன், துணியில் சாயம் போகாமல் இருந்தால் போதும். அவர் அந்தக் கதையைக் கொண்டு வந்தவர்.

அதனால்தான் செம்பை எடுத்தேன். நீ எங்களை விட்டுப் போனது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. பிடித்தது போல எழுத என்னால் ஆகாது. ஆனால் போனவன் பாதி வழியில் நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒன்று என்று சொல்லத்தான் போகிறாய் என்றால், அங்கே யாராவது தண்ணீர் கொடுக்கும்போது கையில் செம்பு இருக்கக் கூடாது. இருந்தால் அது உனக்கு முன்னால் பேசிவிடும். வாங்கிக் குடி. மேலும் ஒரு வாய் கேள்.

இதை எழுதும்போதே நீ மனதுக்குள் என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரிகிறது. அந்தக் கோப்பையை நினைப்பாய். நீ ஞானஸ்நானம் வாங்கிய பிறகு முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, அடுப்படி ஜன்னல் விளிம்பில் நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்று இருந்தது. அதில்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்தோம். உன் அத்தை சொன்ன ஏற்பாடு. தங்கைக்கு இடம் பார்க்கிறோம், நாலு பேர் கேட்பார்கள் என்றாள், நானும் தலையை ஆட்டினேன். உன் முகத்தைப் பார்க்க முடியாமல், "தொரைமாரு குடிக்கிற கோப்பை, ஒனக்குன்னே வாங்கினது" என்று ஒரு வேடிக்கையும் செய்தேன். நீ சிரித்தாய். குடித்துவிட்டு, நீயே கழுவி, அதே விளிம்பில் கவிழ்த்து வைத்தாய். வரும்போதெல்லாம் அப்படியே செய்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அந்தச் சிரிப்போடு என்னால் சண்டை போட முடியவில்லை.

இருளாயி கொண்டு வந்த தண்ணீரைப் பற்றி உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே உன் அத்தை வீட்டுக்குப் போய், இனி என் மகன் என் வீட்டில் எங்கள் செம்பில்தான் குடிப்பான், பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன் என்றேன். தங்கைக்குப் பார்த்திருக்கும் பண்டாரவளை இடம் தட்டிப்போகலாம். போனால் இன்னொன்று பார்ப்போம், உன் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒன் வீடு, ஒன் செம்பு. நான் வந்தா எனக்கு வேண்டிய செம்ப நானே கொண்டாந்துக்கிறேன்" என்றாள். கொண்டு வரட்டும், அதை வைக்க அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கிறேன். வீட்டுக்குத் திரும்பியபோது ஜன்னல் விளிம்பில் கோப்பையைக் காணவில்லை. உன் தங்கை அதில் உப்பைக் கொட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்தாள். நீலப் பூ உப்புக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகையால் நீ இப்படியே மிஷன் வளவிலிருந்து நேராக வண்டி ஏறிவிடாதே. நான் வீம்புக்குச் சொல்லவில்லை. இங்கே தண்ணீர் குடிக்காமல் அங்கே போய் லயத்துத் தண்ணீரைக் குடித்தால், எங்கள் மேலுள்ள கோபத்தில் குடித்ததாகிவிடும். கொடுத்தவளுக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். மூட்டையில் கோபத்தை வைத்துக்கொண்டு அந்த ஏற்றம் ஏற முடியாது, மகனே. அதையும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போ. எங்கள் மேல் நியாயமாக எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் வந்து சொல், கேட்டுக்கொள்கிறேன். நடுவில் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, முயற்சி செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயில் முடிந்ததும் வா. கடையை அன்றைக்குத் திறக்கப் போவதில்லை. போன தடவை நீ புறப்படும்போது உன் அம்மா திருநீறு பூச வந்தாள். நீ முகத்தைத் திருப்பினாய், அவள் கை அப்படியே நின்றது. அதை நினைத்து நீ வராமல் இருந்துவிடாதே. வெறுங்கையைத் தலையில் வைத்தால் உனக்குத் தடை ஒன்றும் இருக்காதே என்று என்னிடம் கேட்டாள். இருக்காது என்று நானாகவே சொல்லிவிட்டேன். செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டுதான் வைப்பாள், நீ கொஞ்சம் குனி, முன்போல அவளுக்கு எட்டுவதில்லை.

வாசலில் நிற்காதே, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. நேராக அடுப்படிக்குப் போ. நசுங்கின செம்பில் தண்ணீர் மொண்டு வைத்திருக்கும். இத்தனை வருஷமாக அண்ணாந்து குடித்த செம்பு அது. நீ அண்ணாந்து குடிக்க வேண்டாம், வாய் வைத்தே குடி. கழுவாமல் அப்படியே என்னிடம் கொடு. மிச்சத்தை நான் குடிக்கிறேன்.

உன் அப்பா